ஐ.டி.பி. கையில் இருந்தும் வியட்நாமில் நான் பைக் ஓட்டவில்லை

வெளிநாட்டில் பைக் ஓட்ட ஐ.டி.பி. (சர்வதேச ஓட்டுநர் பெர்மிட்) போதுமா என்று யாராவது கேட்டால், எந்த நாட்டுக்குப் போகிறீர்கள் என்றுதான் முதலில் திருப்பிக் கேட்பேன். தாய்லாந்து என்றால் பதில் வேறு, வியட்நாம் என்றால் வேறு, சீனா என்றால் பேச்சே வேண்டாம், அங்கே எந்த நாட்டு ஐ.டி.பி.யும் செல்லாது. திருச்சி ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஆயிரம் ரூபாய் கட்டி வாங்கிய பெர்மிட்டை வைத்து வட தாய்லாந்தின் மலைச் சாலைகளில் நிம்மதியாக வண்டி ஓட்டியிருக்கிறேன். அதே பெர்மிட் பையில் இருக்க, வியட்நாமின் ஹா ஜியாங் மலையில் ஹ்மோங் என்ற மலைவாழ் இனத்து இளைஞர் ஒருவருக்குப் பின்னால், பின் சீட்டில் உட்கார்ந்துதான் சுற்றினேன். இரண்டும் நல்ல பயணங்கள். ஆனால் ஏன் தாய்லாந்தில் ஓட்டலாம், ஏன் வியட்நாமில் கூடாது என்பது நம் ஊரில் பலருக்குத் தெரிவதில்லை. தெரியாமல் போய் வண்டி எடுத்து, நல்லவேளையாக ஒன்றும் ஆகாமல் திரும்பி வந்தவர்கள், "அங்கெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க" என்று அடுத்தவருக்கும் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அந்தப் பேச்சை நம்பிப் போகிறவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஐ.டி.பி. என்பது தனி லைசன்ஸ் கிடையாது. நம் ஊர் லைசன்ஸில் என்ன இருக்கிறதோ அதைப் பல மொழிகளில் எடுத்துச் சொல்லும் ஒரு சின்னப் புத்தகம், அவ்வளவுதான். அசல் லைசன்ஸ் கூட இல்லாமல் அதை மட்டும் நீட்டினால் மதிப்பில்லை. அது எந்த நாட்டில் செல்லும் என்பதை முடிவு செய்வது நாடுகளுக்கு இடையே உள்ள சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை. இன்று முக்கியமானவை இரண்டு: 1949-இல் ஜெனீவாவில் ஏற்பட்டது ஒன்று, 1968-இல் வியன்னாவில் ஏற்பட்டது இன்னொன்று. இரண்டுக்கும் பெர்மிட்டின் வடிவம் வேறு, செல்லும் காலமும் வேறு. 1949 வகை அதிகபட்சம் ஒரு வருடம்; 1968 வகை மூன்று வருடம் வரை செல்லும். புத்தகத்தின் அட்டையிலேயே எந்த உடன்படிக்கைப்படி கொடுத்தது என்று தேதியோடு அச்சிட்டிருப்பார்கள், 19 செப்டம்பர் 1949 என்றோ 8 நவம்பர் 1968 என்றோ. அந்த வரியை யாரும் படிப்பதில்லை. வெளிநாட்டில் உங்கள் பெர்மிட் செல்லுமா செல்லாதா என்பது பாதி அந்த வரியில்தான் இருக்கிறது.

இந்தியா கொடுப்பது 1949 வகை. 2022 ஆகஸ்டில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டு, நாடு முழுக்க ஒரே மாதிரி வடிவம், லைசன்ஸோடு இணைக்கிற க்யூஆர் கோடு என்றெல்லாம் கொண்டுவந்தது, அதிலும் 1949 உடன்படிக்கையைத்தான் அடிப்படையாகச் சொன்னது. வியட்நாம் 2014-இல் சேர்ந்தது 1968 உடன்படிக்கையில். 1949-இல் அது இல்லை. அதனால் நம் பெர்மிட்டை அங்கே லைசன்ஸாக ஏற்பதில்லை. தாய்லாந்து 1949-இல் ரொம்ப நாளாக இருக்கிறது, பிறகு 1968-இலும் சேர்ந்துகொண்டது. ஆகவே இரண்டு வகையும் செல்லும். ஜப்பான் நேர் எதிர். அங்கே 1949 வகை மட்டும்தான் செல்லும், 1968 பெர்மிட்டைக் காட்டினால் வண்டி தரமாட்டார்கள். ஜெர்மனிக்காரர்கள் ஜப்பானில் ஐ.டி.பி. போதாமல் தங்கள் லைசன்ஸுக்குத் தனியாக ஜப்பானிய மொழிபெயர்ப்பு வாங்க வேண்டியிருக்கிறது; நாம் நம் சின்னப் புத்தகத்தை நீட்டினால் போதும்.

இதைப் பார்த்தால், இந்த விஷயத்தில் நல்ல பாஸ்போர்ட், மோசமான பாஸ்போர்ட் என்று எதுவும் இல்லை என்று புரியும். கனடாவில் இருக்கும் நம் சொந்தக்காரர்களும் வியட்நாமில் நம்மைப் போலத்தான், ஏனென்றால் கனடாவும் 1949 வகையைத்தான் தருகிறது. லண்டனில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வசதி: பிரிட்டனில் இரண்டு வகையும் கிடைக்கும், போகிற நாட்டைப் பார்த்து வாங்கிக்கொள்ளலாம். 2024 ஏப்ரலிலிருந்து தெருமுனைக் கடைகளில் இருக்கும் பேபாயின்ட் கவுன்டரிலேயே 5.50 பவுண்டுக்குத் தருகிறார்கள்.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் வேலையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் சிக்கல் பெரும்பாலும் அங்கேயே ஆரம்பிக்கிறது. விண்ணப்பம் அரசின் பரிவாஹன் சாரதி இணையதளத்தில். படிவம் 4ஏ. பாஸ்போர்ட், லைசன்ஸ், டிக்கெட், புகைப்படம், விசா தேவைப்படும் நாடு என்றால் விசா. எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துக்கொண்டு அசலோடு போய்விடுங்கள், ஒரே நடையில் முடியும். லைசன்ஸில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஒத்துப்போகிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். நம்மில் பலருக்கு ஒன்றில் இனிஷியல் முன்னால் இருக்கும், இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் இருக்கும். பழைய புத்தக லைசன்ஸ் வைத்திருப்பவர்கள் முதலில் அதை ஸ்மார்ட் கார்டாக மாற்றிக்கொள்ள வேண்டும். அப்புறம், ஐ.டி.பி. ஒரு வருடம் என்றாலும் உங்கள் லைசன்ஸ் மூன்று மாதத்தில் காலாவதி ஆகிறது என்றால் ஐ.டி.பி.யும் அன்றோடு முடியும். அதனால் லைசன்ஸைப் புதுப்பித்துவிட்டு விண்ணப்பிப்பதுதான் புத்திசாலித்தனம்.

இதைவிட முக்கியம் ஏ என்ற கட்டம். பெர்மிட்டின் உள்ளே ஒரு பக்கத்தில் ஏ, பி, சி, டி, இ என்று வண்டி வகைகள் இருக்கும். ஏ என்பது மோட்டார் சைக்கிள், பி என்பது கார். உங்கள் லைசன்ஸில் எந்த வகை இருக்கிறதோ அந்த எழுத்துக்கு நேராக முத்திரை இருக்க வேண்டும். நம் ஊரில் எல்.எம்.வி. (கார் வகை) மட்டும் வைத்துக்கொண்டு இருபது வருடமாக பைக் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் ஐ.டி.பி. வாங்கினால் பி-க்கு மட்டும்தான் முத்திரை விழும், அதை வைத்து பாலியில் ஸ்கூட்டர் எடுத்தால் லைசன்ஸே இல்லாமல் ஓட்டியதாகத்தான் கணக்கு. எம்சிடபிள்யூஜி (கியர் உள்ள மோட்டார் சைக்கிள் வகை) இருப்பவர்கள்கூட கவுன்டரில் நின்றபடியே புத்தகத்தைத் திறந்து ஏ-க்கு நேரே முத்திரை விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். நான் வாங்கியபோது பி-இல் பளிச்சென்று விழுந்த முத்திரை ஏ-இல் பாதிதான் விழுந்திருந்தது. "சார், இது சரியாத் தெரியலையே, இன்னொரு தடவை வெச்சுத் தர்றீங்களா?" என்று கேட்டேன். கவுன்டரில் இருந்தவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, ஸ்டாம்ப் பேடை அழுத்தி அதன் மேலேயே இன்னொரு முறை வைத்துக்கொடுத்தார். இரண்டு நிமிட வேலை. பிறகு தாய்லாந்தின் மாய் ஹாங் சோன் ஊரில் போலீஸ்காரர் டார்ச் அடித்துப் பார்த்தது அந்த இடத்தைத்தான்.

இணையத்தில் "சர்வதேச லைசன்ஸ், பத்து வருடம் செல்லும், வீட்டுக்கே வரும்" என்று விற்கிறார்கள். அவற்றுக்கு எந்த உடன்படிக்கையிலும் இடமில்லை. நம் லைசன்ஸுக்கு ஐ.டி.பி. தரும் அதிகாரம் நம் லைசன்ஸ் அதிகாரிக்கு. அதற்கு மேல் யோசிக்க எதுவும் இல்லை.

தாய்லாந்தைப் பற்றிக் கொஞ்சம். சியாங் மாயிலிருந்து பாய் என்ற ஊர் வழியாக மாய் ஹாங் சோன் போய், தெற்கே மாய் சரியாங் தொட்டுத் திரும்பி வரும் சுற்று கிட்டத்தட்ட 600 கிலோமீட்டர், 1,864 வளைவுகள் என்று அந்த ஊர்க்காரர்கள் எண்ணி வைத்திருக்கிறார்கள். நம்மைப் போல அங்கேயும் இடப்பக்கம் ஓட்டுவதால் கை கால் தன்னாலேயே பழகிவிடும். ஐ.டி.பி. செல்லும், அசல் லைசன்ஸ் கூட வேண்டும், ஹெல்மெட் கட்டாயம். சியாங் மாய் பழைய நகரத்து அகழியைச் சுற்றியும் ஊர் எல்லைகளிலும் சோதனை சகஜம், காகிதம் சரியாக இருந்தால் அரை நிமிடத்தில் அனுப்பிவிடுகிறார்கள். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: பாய் இறக்கத்தில் விழுந்து கட்டோடு நடக்கும் வெள்ளைக்காரப் பிள்ளைகளை அந்த ஊர்க் கடைத்தெருவில் நிறையப் பார்க்கலாம். அவர்களில் பலர் வாழ்க்கையில் முதல் முறையாக ஸ்கூட்டர் ஏறுவதே அங்கேதான். நமக்கு அந்தப் பிரச்சினை இல்லை, பதினெட்டு வயதிலிருந்து ஓட்டுகிறோம். ஆனால் கியர் இல்லாத ஸ்கூட்டரில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் இறக்கத்தை பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் சூடேறி பிடிப்புப் போய்விடும் என்பது சமவெளியிலேயே ஓட்டிய நமக்கும் பழக்கமில்லாத விஷயம். மலைக்குப் போவதாக இருந்தால் கியர் வண்டியையோ, கிளட்ச் இல்லாமல் காலால் கியர் போடும் ஹோண்டா வேவ் மாதிரி வண்டியையோ எடுங்கள்.

இனி வியட்நாம். 2023 நவம்பரில் திருச்சியிலிருந்து ஹோ சி மின் நகரத்துக்கு நேரடி விமானம் தொடங்கிய பிறகு எங்கள் பக்கத்தில் வியட்நாம் போகாத வீடே இல்லை என்று ஆகிவிட்டது. டா நாங், ஹோய் ஆன், அப்புறம் ஹனோய் போய் ஹா லாங் விரிகுடா. கொஞ்சம் துணிச்சலானவர்கள் ஹனோயிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து வடக்கே 300 கிலோமீட்டர் தள்ளி, சீன எல்லையை ஒட்டிய ஹா ஜியாங் போகிறார்கள். நிர்வாகக் கணக்கில் 2025 ஜூலையிலிருந்து அது துவேன் குவாங் மாகாணத்தோடு சேர்ந்துவிட்டாலும், பயணிகளுக்கு அது ஹா ஜியாங்தான்.

லண்டனில் இருக்கும் என் அத்தை மகனும் நானும் அங்கே சேர்ந்து போவதாக முடிவு செய்தோம். அவனிடம் பிரிட்டனின் முழு மோட்டார் சைக்கிள் லைசன்ஸ் இருக்கிறது, கார் லைசன்ஸோடு ஒட்டி வரும் அரைகுறை அனுமதி இல்லை, தேர்வு எழுதி ஓட்டிக் காட்டி வாங்கியது. போனில் நான் முதலில் சொன்னது, "மச்சான், 1968-னு கேட்டு வாங்கு, 1949-ஐக் குடுத்துடப் போறாங்க." அவன் வாங்கிவந்தான். என்னுடையது 1949. ஆக, ஒரே குடும்பம், ஒரே ரோடு, வயதும் அனுபவமும் எனக்குத்தான் அதிகம், ஆனால் சட்டப்படி வண்டி ஓட்ட முடிந்தது அவனால் மட்டும்.

ஹா ஜியாங் ஊரில் வாடகைக் கடைக்குப் போனால் யாரும் உங்களிடம் லைசன்ஸ் இல்லை என்று திருப்பி அனுப்புவதில்லை. "நோ ப்ராப்ளம்" என்பார்கள். சில இடங்களில், போலீஸ் பிடித்தால் அபராதம் இவ்வளவுதான் ஆகும், அதையும் வாடகையோடு சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள் என்றுகூடச் சொல்கிறார்கள். கடைக்காரருக்கு வண்டி போக வேண்டும், அவர் பிழைப்பு அது. ஆனால் அவர் சொல்லை சட்டம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 2025 ஜனவரி 1 முதல் வியட்நாமில் போக்குவரத்து அபராதங்களைக் கடுமையாக ஏற்றிவிட்டார்கள். செல்லத்தக்க லைசன்ஸ் இல்லாமல் 125 சிசி வரையுள்ள பைக் ஓட்டினால் 20 லட்சம் முதல் 40 லட்சம் டோங், நம் காசுக்கு ஏறக்குறைய 7,000 முதல் 14,000 ரூபாய். 125 சிசிக்கு மேல் என்றால் 60 லட்சம் முதல் 80 லட்சம் டோங். வண்டியையும் பிடித்து வைத்துக்கொள்ளலாம், அது நிற்கும் நாளுக்கெல்லாம் கடைக்காரர் உங்களிடம் வாடகை கேட்பார்.

அபராதம்கூடப் பெரிய விஷயமில்லை என்று நினைக்கிறேன், பணம்தானே. ஆஸ்பத்திரிதான் பெரிய விஷயம். நாங்கள் தங்கிய விடுதியில் பெங்களூரிலிருந்து வந்த ஒருவர் கையைத் துணியில் தொட்டில் மாதிரிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மழை பெய்து சரளை இறங்கியிருந்த ஒரு வளைவில் வண்டி வழுக்கி காறை எலும்பு உடைந்துவிட்டது. நல்ல பயணக் காப்பீடு எடுத்திருந்தார், தொகையும் பெரிய தொகை. காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து வந்த முதல் கேள்வி, விபத்து நடந்த நாட்டில் செல்லும் மோட்டார் சைக்கிள் லைசன்ஸின் நகலை அனுப்புங்கள் என்பது. அவர் ஐ.டி.பி.யை அனுப்பினார். வியட்நாமில் இது செல்லாது என்று பதில் வந்தது. ஹனோய்க்குப் போகும் ஆம்புலன்ஸ், அறுவை சிகிச்சை, தள்ளிப்போட்ட டிக்கெட், எல்லாம் கைக்காசு. அந்த மனிதர் ஒன்றும் பொறுப்பில்லாதவர் இல்லை. ஊரிலேயே அலைந்து ஐ.டி.பி. வாங்கி, நல்ல ஹெல்மெட் போட்டு, மெதுவாக ஓட்டியவர். ஒரே ஒரு விஷயத்தை அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவரோடு பேசிய அன்று ராத்திரி எனக்கு ரொம்ப நேரம் தூக்கம் வரவில்லை.

காப்பீட்டைப் பற்றி இன்னொன்று. அத்தை மகனின் பாலிசியில் 125 சிசி வரைதான் பைக் விபத்துக்குக் காப்பு. கடையில் ஹோண்டா எக்ஸ்ஆர் 150 வரிசையாக நின்றது, ஆசையாகத்தான் இருந்தது அவனுக்கு, மலைக்கு ஏற்ற வண்டியும்கூட. அதை விட்டுவிட்டு ஹோண்டா ஃப்யூச்சர் 125 எடுத்தான். லைசன்ஸ் அவனுக்கு எல்லா பைக்குக்கும் இருக்கிறது, காப்பீடு இல்லை. நம் ஊர் பாலிசிகளில் இதைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டும். சிலவற்றில் வாடகை இருசக்கர வாகனம் ஓட்டுவதே விலக்குகள் பட்டியலில் இருக்கும், சிலவற்றில் பின் சீட்டில் போனாலும் ஹெல்மெட் இருந்தால்தான் காப்பு. விலக்குகள் பக்கம் கடைசியில் பொடி எழுத்தில் இருக்கும், வாங்கும் முன் அந்தப் பக்கத்தை முதலில் படியுங்கள்.

நான் என்ன செய்தேன் என்றால், ஈஸி ரைடர் எடுத்தேன். உள்ளூர்க்காரர் ஓட்டுவார், நாம் பின்னால் உட்கார்ந்து போகலாம், வண்டி, பெட்ரோல், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரே தொகை. பதினெட்டு வயதிலிருந்து வண்டி ஓட்டுகிறவனுக்குப் பின்னால் உட்காருவது கௌரவக் குறைவு மாதிரி தோன்றும், பல பேர் அதனாலேயே தவிர்க்கிறார்கள். என் அனுபவத்தில் அந்த ரோட்டை முழுசாகப் பார்த்தது நான்தான். அத்தை மகன் ராத்திரி போட்டோக்களைப் பார்த்துவிட்டு இது எந்த இடம், இது எந்த இடம் என்று கேட்டுக்கொண்டிருந்தான், அவன் கண் முழுக்க ரோட்டிலேயே இருந்திருக்கிறது, இருக்கவும் வேண்டும்.

எனக்கு ஓட்டிய இளைஞர் டோங் வான் என்ற ஊர்ப் பக்கத்துக்காரர். எல்லா வளைவுக்கும் முன்னால் ஹாரனை ஒரே ஒரு தட்டு தட்டுவார். இறக்கத்தில் இரண்டாம் கியருக்கு இறக்கி எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி விட்டு, பின் பிரேக்கைத் தேவைக்குத்தான் தொடுவார். எதிரே லாரி வந்தால் அரை கிலோமீட்டர் முன்னாலேயே ஓரம் கட்டி, மலைப் பக்கமாக நிற்பார், பள்ளத்தின் பக்கம் ஒருபோதும் இல்லை. மலையில் ஓட்டுகிறவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியதை நான் அவர் தோளுக்குப் பின்னால் இருந்து கற்றுக்கொண்டேன்.

டோங் வானிலிருந்து மியோ வாக் போகும் வழியில் மா பி லெங் கணவாய். கீழே நோ குவே ஆறு பச்சைக் கோடு மாதிரி ஓடுகிறது, மேலே சுண்ணாம்புப் பாறை செங்குத்தாக நிற்கிறது. 1959-இல் தொடங்கி 1965-இல் முடித்த ரோடு அது. இந்தக் கணவாயை வெட்ட மட்டும் ஆட்கள் இடுப்பில் கயிறு கட்டி பாறையில் தொங்கிக்கொண்டு 11 மாதம் வேலை செய்தார்களாம். எங்கள் ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டு, பாறையில் இந்த இடம், அந்த இடம் என்று கையைக் காட்டிச் சொன்னார். பெரியவர்கள் சொல்லிக் கேட்ட கதை அவருக்கு, சொல்லும்போது குரல் மாறியது.

சோதனைச் சாவடி, ஹா ஜியாங் ஊரை விட்டுக் கிளம்பியதுமே வந்திருந்தது. மஞ்சள் சீருடை போலீஸ், கையை நீட்டி ஓரம் கட்டச் சொன்னார்கள். என் ஓட்டுநரைப் பார்த்து ஒரு தலையசைப்போடு விட்டுவிட்டார்கள். அத்தை மகனிடம் பிரிட்டன் லைசன்ஸ், ஐ.டி.பி., வண்டியின் பதிவு அட்டை, வண்டிக்கு உள்ள மூன்றாம் நபர் காப்பீடு, நான்கையும் கேட்டார்கள். பெர்மிட்டை வாங்கியவர் முதலில் அட்டையில் இருந்த வருடத்தைப் பார்த்தார். அப்புறம் உள்ளே புரட்டி ஏ-க்கு நேரே விரலை வைத்தார். அதன் பிறகுதான் முகத்தையும் போட்டோவையும் ஒப்பிட்டார். பக்கத்தில் ஆஸ்திரேலியப் பையன்கள் மூவர் தங்கள் பெர்மிட்டைக் காட்டி ஏதோ வாதாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடையதும் நம்முடையதைப் போல 1949. போலீஸ்காரர் அந்த வருடத்தைச் சுட்டிக்காட்டி தலையாட்டி, ரசீதுப் புத்தகத்தை எடுத்தார்.

வியட்நாமில் சட்டத்துக்கு உட்பட்டே நம்மால் ஓட்ட முடிகிற வண்டியும் உண்டு, இது பலருக்குத் தெரியாது. 50 சிசிக்கு மேற்படாத சின்ன பைக்குக்கும், 4 கிலோவாட்டுக்கு மேற்படாத மின்சார ஸ்கூட்டருக்கும் அங்கே லைசன்ஸ் தேவையில்லை, 16 வயது ஆகியிருந்தால் போதும். ஹோய் ஆனில் வயல் வழியே கடற்கரைக்குப் போய்வர மின்சார ஸ்கூட்டரே தாராளம், நான் ஓட்டியதும் அதுதான். ஹா ஜியாங் ஏற்றத்துக்கு அது ஆகாது. வேலைக்கோ படிப்புக்கோ மூன்று மாதத்துக்கு மேல் தங்கும் விசாவில் போகிறவர்கள் நம் லைசன்ஸைக் கொடுத்து வியட்நாம் லைசன்ஸாக மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. அங்கே வேலை பார்க்கும் நம் ஆட்கள் அதைச் செய்துகொள்ளுங்கள், சும்மா இருந்துவிடாதீர்கள்.

அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும். நேர் ரோட்டில் இது பிரச்சினையே இல்லை, எல்லோரும் போகிற பக்கம் நாமும் போய்விடுவோம். பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வரும்போதும், டீக்கடையில் நிறுத்திவிட்டுக் காலி ரோட்டில் மறுபடி கிளம்பும்போதும்தான் கை பழைய பழக்கத்துக்கு இடப்பக்கம் போகும். அத்தை மகனும் லண்டனில் இடப்பக்கம் ஓட்டுகிறவன்தான். ஹேண்டில் கம்பியில் வலப்பக்கத்தைக் காட்டும் ஒரு அம்புக்குறியை டேப்பில் வரைந்து ஒட்டிக்கொண்டான், நல்ல யோசனை.

மது விஷயத்தில் வியட்நாமில் இரக்கமே இல்லை. 2020 முதல் ஓட்டுநரின் மூச்சில் துளியும் இருக்கக் கூடாது. ஹா ஜியாங் வீடுகளில் ராத்திரி சாப்பாட்டோடு மக்காச்சோளச் சாராயத்தைக் குட்டிக் குட்டிக் கோப்பையில் அன்போடு ஊற்றிக்கொண்டே இருப்பார்கள், மறுத்தால் வருத்தப்படுவார்கள். மறுநாள் காலை ஓட்ட வேண்டியவர்கள் நெஞ்சில் கை வைத்துச் சிரித்து மறுத்துவிடுங்கள். காலை ஏழு மணிக்கும் ஊதச் சொல்வார்கள்.

வண்டி எடுக்கும்போது பாஸ்போர்ட்டை அடமானமாகக் கேட்பார்கள், தாய்லாந்திலும் சரி வியட்நாமிலும் சரி. கொடுக்காதீர்கள். பணமாக டெபாசிட்டும் பாஸ்போர்ட்டின் நகலும் கொடுத்தால் ஒப்புக்கொள்ளும் கடைகள் இருக்கின்றன, அப்படி ஒன்று கிடைக்கும்வரை நடங்கள். வண்டியைச் சுற்றி ஒரு வீடியோ எடுங்கள், கீறல்களைக் கடைக்காரர் எதிரிலேயே காட்டி எடுங்கள். அங்கே தரும் ஹெல்மெட் பல இடங்களில் முட்டை ஓடு மாதிரி மெல்லியது. நான் என் முழு முக ஹெல்மெட்டை ஊரிலிருந்தே கையில் தூக்கிக்கொண்டு போனேன், விமானத்தில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

மற்ற நாடுகளைப் பற்றி ஓரிரு வரி. மலேசியாவில் நம் 1949 பெர்மிட் செல்லும், லங்காவியில் ஸ்கூட்டர் எடுப்பவர்கள் கையோடு வைத்திருங்கள். பாலியில் ஏ முத்திரை இல்லாமல் ஸ்கூட்டர் பக்கமே போகாதீர்கள், போலீஸ் வெளிநாட்டு முகத்தைப் பார்த்தே நிறுத்துகிறது. இலங்கையில் நம் ஐ.டி.பி.யை அப்படியே காட்டினால் போதாது. கொழும்பில் ஆட்டோமொபைல் அசோசியேஷன் ஆஃப் சிலோன் அலுவலகத்தில் கொடுத்து ஒப்புதல் வாங்குவது நெடுநாள் வழக்கம். 2025 ஆகஸ்டிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே வெளிநாட்டவர்க்குத் தற்காலிக உரிமம் தரத் தொடங்கினார்கள். யாழ்ப்பாணத்தில் பைக் எடுத்துச் சுற்ற நினைப்பவர்கள், அந்த உரிமத்தில் மோட்டார் சைக்கிளும் சேர்த்தி உண்டா என்று கேட்டுவிட்டு, இல்லையென்றால் கொழும்பிலேயே ஒப்புதல் வேலையை முடித்துக்கொண்டு ரயில் ஏறுங்கள்.

பாலிசி எடுக்கும் முன் காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள், போனில் கேட்காதீர்கள், எழுத்தில் பதில் வேண்டும். நான் அனுப்பியது இவ்வளவுதான்: இன்ன நாட்டுக்குப் போகிறேன், என்னிடம் மோட்டார் சைக்கிள் வகைக்கு முத்திரை உள்ள 1949 ஐ.டி.பி. இருக்கிறது, இத்தனை சிசி வண்டி ஓட்டினாலோ பின்னால் உட்கார்ந்து போனாலோ விபத்துச் செலவு இந்த பாலிசியில் வருமா, எந்த நிபந்தனையில். தாய்லாந்துக்கு ஓட்டலாம் என்று பதில் வந்தது. வியட்நாமுக்கு, ஓட்டினால் வராது, உரிமம் உள்ளவர் ஓட்டி நீங்கள் ஹெல்மெட்டோடு பின்னால் இருந்தால் வரும் என்று வந்தது. அந்தப் பதிலை அச்செடுத்து, பாலிசி எண்ணும் வியட்நாமின் ஆம்புலன்ஸ் எண்ணான 115-உம் போலீஸ் எண்ணான 113-உம் மேலே எழுதி, ஒரு நகலை எங்கள் ஓட்டுநரிடமும் கொடுத்து வைத்தேன். அவர் அதை நான்காக மடித்து வண்டியின் பதிவு அட்டையோடு சேர்த்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.